வாய் பிளந்த மண். வாய் மூடிய அட்டை!

மண் வாய் திறக்குமா என்று கேட்பவர்கள், சித்திரை வெயிலிலே அரூர்ப் பக்கம் ஒரு நடை வந்து போகட்டும். மேட்டிலே செம்மண். வெந்து கிடக்கும், ஆனால் வாய் திறவாது. பள்ளத்திலே, ஏரியடியிலே, வாய்க்கால் பாயும் தாழ்ந்த வயலிலே கருங்களி. அது பிளந்து கிடக்கும். விரல் நுழையும் பிளவு, கை நுழையும் பிளவு, கன்றின் கால் சிக்கும் பிளவு என்று வயல் முழுதும் வாய்! ஐப்பசி மழைக்குப் பிறகு அதே வயலிலே கால் வைத்தால், கணுக்காலைக் கவ்விக்கொள்ளும், செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்; பிளவு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. கோடையிலே கல், மாரியிலே கூழ்! ஒரே வயல், ஒரே மண், இரண்டு குணம்.

ஏன் இப்படி? பாட்டன் கேட்டான். "அம்மன் கோபம்" என்றார்கள். ஆடு வெட்டச் சொன்னார்கள், வெட்டினான். கூழ் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினான். காணிக்கை கேட்டார்கள், கடன் வாங்கிக் கொடுத்தான். பிறகு மழை பெய்தது, பிளவு மூடிற்று. மூடியது மழை, புகழ் பூசாரிக்கு! மறு ஆண்டு கோடை வந்தது, மண் மீண்டும் பிளந்தது. அப்போது பழி யாருக்கு? "உன் பக்தியிலே குறை" என்று உழவனுக்கு! இலாபம் அவர்களுக்கு, நட்டம் இவனுக்கு என்ற இந்தக் கணக்கு எத்தனை தலைமுறையாக நடந்தது!

நாம் சொல்கிறோம்: மண்ணுக்குக் கோபமும் இல்லை, சாபமும் இல்லை. களி இருக்கிறது. அந்தக் களியின் கதை தெரிந்தால் தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம், விளைச்சலைக் காக்கலாம், வீட்டுச் சுவரைக் காக்கலாம்.

"கழக ஏட்டிலே களிமண்ணுக்கு என்ன வேலை?" என்று தோழர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. நிலம் யாருடையது என்று கேட்ட இயக்கம் இது. 1970-ல் நில உச்சவரம்பை 30 தரநிலை ஏக்கரிலிருந்து 15 தரநிலை ஏக்கராகக் குறைத்த ஆட்சி கழக ஆட்சி. 1990-ல் உழவர்களின் பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் தந்தவர் கலைஞர். நிலம் வந்தது, மின்சாரம் வந்தது. அந்த நிலத்தின் குணம் தெரிய வேண்டாமா? குணம் தெரியாதவன் கையிலே கொடுத்த நிலம், எழுதப் படிக்கத் தெரியாதவன் கையிலே கொடுத்த பத்திரம் போன்றது. ஏய்க்க நினைப்பவனுக்கு அது போதும்!

களி என்பது என்ன? ஒரு மில்லி மீட்டரை ஐந்நூறு கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறு இருக்கிறதே, அதைவிடச் சிறிய துகள்தான் களித் துகள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எல்லாக் களியும் ஒரு களி அல்ல. செம்மண்ணிலே பெரும்பாலும் இருப்பது கயோலினைட் என்ற வகை. அதன் அடுக்குகள் இறுகப் பிணைந்தவை. இடையிலே தண்ணீர் நுழையாது. எனவே நனைந்தாலும் பெரிதாக வீங்காது, காய்ந்தாலும் பெரிதாகப் பிளக்காது. கருங்களியில் இருப்பது ஸ்மெக்டைட் என்ற குடும்பம். அந்தக் குடும்பத்திலே பேர்போனது மான்ட்மோரில்லோனைட். பிரான்சு நாட்டு மான்ட்மோரில்லோன் என்ற ஊரின் பெயரை 1847-ல் அதற்கு வைத்தார்கள். சீட்டுக்கட்டு போன்ற அடுக்குகள். ஆனால் தளர்ந்த அடுக்குகள். தண்ணீர் வந்தால் சீட்டுக்கும் சீட்டுக்கும் இடையிலே புகுந்து உட்கார்ந்துகொள்ளும், கட்டு பருக்கும். வெயில் அந்தத் தண்ணீரை உறிஞ்சினால் கட்டு ஒடுங்கும். கோடானு கோடிக் கட்டுகள் ஒரே நேரத்திலே ஒடுங்கினால் வயல் என்ன ஆகும்? இடம் போதாமல் இருந்த மண், இடம் மிஞ்சிய மண்ணாகிறது. மிஞ்சிய இடம்தான் வெடிப்பு!

எவ்வளவு தண்ணீரை அந்தத் துகள் பிடித்து வைக்கும்? ஒரு கிராம் மான்ட்மோரில்லோனைட்டின் அடுக்குகளைப் பிரித்து விரித்துப் போட முடியுமானால், பரப்பு 600 சதுர மீட்டருக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் கணக்கிலே சொன்னால், ஏறத்தாழ 15 சென்ட் நிலம்! ஒரு சிட்டிகை மண்ணுக்குள்ளே 15 சென்ட்! கையகல நிலமும் இல்லாத ஏழையின் உள்ளங்கையிலே ஒட்டிய சேற்றிலே ஒரு பண்ணையின் பரப்பு ஒளிந்திருக்கிறது! அத்தனை பரப்பிலும் தண்ணீர் ஒட்டும். சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் ஒட்டும். அதனால்தான் கருமண் ஈரத்தையும் உரத்தையும் எளிதில் கை விடுவதில்லை.

இந்த மண்ணுக்கு உலக அறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் வெர்டிசால். 1960-ல் அமெரிக்க மண் ஆய்வாளர்கள் வெளியிட்ட வகைப்பாட்டிலே அந்தப் பெயர் இடம் பெற்றது. புரளுதல், திரும்புதல் என்ற பொருள் தரும் லத்தீன் சொல் அதன் வேர். நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாமல் களி இருக்க வேண்டும், ஆண்டுதோறும் வெடித்து மூட வேண்டும், அதுதான் இலக்கணம். ஏன் புரளும் மண் என்றார்கள்? கோடையிலே மேல்மண் பொடிந்து வெடிப்பிலே விழுகிறது. மழை வந்ததும் அடியிலே விழுந்த மண்ணும் சேர்ந்து வீங்குகிறது. இடம் போதவில்லை. பக்கத்து மண்ணை நெருக்குகிறது, மேலே தள்ளுகிறது. உள்ளே மண்ணோடு மண் உராய்ந்து, தேய்த்த கண்ணாடி போலப் பளபளப்பான முகங்கள் உண்டாகின்றன. கீழே கிடந்தது மெல்ல மெல்ல மேலே வருகிறது. மேலே இருந்தது கீழே போகிறது. ஏர் பூட்டாமலே தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண்! மேல் கீழ் என்பது பிறவியிலேயே வந்தது, மாற்ற முடியாதது என்று பேசுகிறவர்கள், இந்த மண்ணை ஒரு முறை வெட்டிப் பார்க்கட்டும்.

உலகிலே 30 கோடி எக்டேருக்கு மேல் இத்தகைய மண் உண்டு. இந்தியா, ஆஸ்திரேலியா, சூடான் மூன்றிலும் அதிகம். தக்காணத்து எரிமலைப் பாறை நிலத்திலே அது கடல் போலப் பரந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டிலே கோவில்பட்டிக் கரிசல் ஊரறிந்தது. 1901-லேயே அங்கே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. கோவைப் பருத்தி நிலமும் கருமண்ணே. காவிரிப் படுகையிலேகூட, களத்தூர் வரிசை என்று மண் ஆய்வாளர் பெயரிட்ட நெல் நிலங்கள் வெடிக்கும் களிதான். அரூர் வட்டாரத்திலே செம்மண்ணே மிகுதி; கருங்களி பள்ளங்களிலே திட்டுத் திட்டாக இருக்கிறது. காரணம் கேளுங்கள்: மேட்டுப் பாறை கரையக் கரைய, சுண்ணாம்பும் மக்னீசியமும் நீரோடு இறங்கிப் பள்ளத்திலே தேங்குகின்றன. வடியாத பள்ளத்திலே, அந்த உப்புகளின் நடுவிலே, ஸ்மெக்டைட் பிறக்கிறது. வெட்டினால் அடியிலே வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான் கல் தட்டுப்படுவது அதனால்தான். வடிந்த மேடு சிவந்தது. தேங்கிய பள்ளம் கறுத்தது.

ஆனால் தண்ணீர் எங்கே பாயும்? பள்ளத்துக்குத்தான்! ஆகவே பாசனம் பெறும் வயலுக்கும் வெடிக்கும் களிக்கும் இணைப்பு இயல்பாகவே ஏற்பட்டுவிட்டது. சேர்வராயன் மலையடியிலே 65 அடி உயரத்துக்கு வாணியாற்றில் அணை. அந்த ஆறு போய்ச் சேரும் தென்பெண்ணையிலே ஈச்சம்பாடி அணைக்கட்டு. இவற்றின் வாய்க்கால்களிலும், ஏரி மதகுகளிலும், கிணறுகளிலும் வரும் நீரைக் கொண்டுதான் நெல், கரும்பு, மஞ்சள், பருத்தி. கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு ஆலைக்குப் போகும் கரும்பு, இப்படிச் சேர்த்த தண்ணீரின் இனிப்புத்தான்.

இங்கேதான் தகராறு தொடங்குகிறது.

மதகு திறக்கிறார்கள். வாய்க்காலிலே தண்ணீர் வருகிறது. முதல் மடைக்காரரின் வயல் பிளந்து கிடக்கிறது. பாய்கிறது, பாய்கிறது, பாய்ந்துகொண்டே இருக்கிறது; வயல் நனைந்தபாடில்லை! வெடிப்பு வழியே நீர் அடிமண்ணுக்கு ஓடிவிடுகிறது. வேர் எட்டாத ஆழத்துக்கும் போய்விடுகிறது. மேல்மண் நனையாமலே அடிமண் குடிக்கிறது! கடைமடைக்காரன் கரையிலே காத்து நிற்கிறான். "தண்ணீரைத் திருடிவிட்டான்" என்று மேல்மடைக்காரன்மேல் பழி. "மடையைச் சரியாகத் திருப்பவில்லை" என்று நீர்க்கட்டிமேல் பழி. சொற்சண்டை கைச்சண்டையாகிறது, கைச்சண்டை வழக்காகிறது, வழக்கிலே வக்கீலுக்கு விளைகிறது! குடித்தது யார்? வெடிப்பு! அதன்மேல் வழக்குப் போட எந்த நீதிமன்றமும் இல்லை.

வெடிப்பின் வாயைக் கட்ட வழி உண்டா? உண்டு. பிலிப்பைன்சு நாட்டிலே உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் வெடித்த நெல் வயல்களிலே சோதித்துப் பார்த்தார்கள். தண்ணீர் கட்டுவதற்கு முன்பே மேலாக ஓர் உழவு போட்டுவிட்டால், பொடிமண் வெடிப்பை அடைத்துக்கொள்கிறது. சேற்றுழவுக்கு ஆகும் தண்ணீரிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது என்று கண்டார்கள். அறுவடை முடிந்ததும், ஈரம் முற்றிலும் போவதற்குள் போடும் அந்த உழவை நம் முன்னோர் கோடை உழவு என்றார்கள். உழுது புழுதியைக் காய விடுவதன் பயனை வள்ளுவர் உழவு அதிகாரத்திலேயே சொல்லி வைத்திருக்கிறார். அறிந்தவர் பரம்பரை நாம். மறந்தவர் கூட்டமாகிவிடக் கூடாது!

இன்னொன்றும் அறிய வேண்டும். வெடிப்பு மூடி, களி வீங்கிவிட்டால், பிறகு நீர் இறங்குவது மிக மிக மெதுவு. மணிக்குச் சில மில்லி மீட்டர். சில களிகளிலே அதுவும் இல்லை. ஆகவே நீண்ட நேரம் பாய்ச்சினால் மண் குடிக்காது, தேங்கும். வேருக்கு மூச்சு முட்டும், மஞ்சள் கிழங்கு அழுகும், பருத்தி வாடும். தண்ணீருக்குள் நின்றபடியே பயிர் சாகும்! எனவே கருங்களிக்குப் பாசனம் என்பது குறைந்த அளவு, குறித்த நேரம். மண்ணிலே மயிரிழை போல வெடிப்புத் தோன்றும்போதே அடுத்த தண்ணீர். விரல் நுழையும் வரை காத்திருந்தால் மீண்டும் பாதாளத்துக்குப் படையல்! திருந்திய நெல் சாகுபடியிலே "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று சொல்வது இதைத்தான். சொட்டு நீர்க் குழாய் போட்டாலும் கருமண்ணுக்கு ஒரு கணக்கு, செம்மண்ணுக்கு ஒரு கணக்கு. கருமண்ணிலே நீர் பக்கவாட்டிலே பரவும். சொட்டுவாய்களுக்கு இடைவெளி கூடுதலாக இருக்கலாம். செம்மண்ணிலே நீர் நேரே கீழே இறங்கும். இடைவெளி குறைய வேண்டும். குழாய் விற்பவர் இரண்டுக்கும் ஒரே அளவைத் தலையிலே கட்டினால், "ஏன்?" என்று கேளுங்கள்.

குறை மட்டும் சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. ஆழமான கருமண் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளே 200 மில்லி மீட்டர் அளவுக்குப் பயிருக்குப் பயன்படும் ஈரத்தைச் சேமித்து வைக்க வல்லது. மழை நின்ற பிறகும் பருத்தியும் சோளமும் கடலையும் அந்தச் சேமிப்பிலே பிழைக்கும். ஐதராபாத்துக்கு அருகே பதஞ்சேருவில் 1972-ல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம், ஒன்றரை மீட்டருக்கு ஒரு சால் விட்டு அகலப் பாத்தி அமைத்தால் கருமண்ணிலே மழைக்காலத்திலும் பயிர் செய்யலாம், மிகுந்த நீரை வடித்துவிடலாம் என்று காட்டியது. சேமிக்கவும் வேண்டும், வடிக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தால் மண் பழி வாங்கும்.

பழி வாங்கிய வரலாறும் உண்டு. 1885-ல் பம்பாய் மாகாணத்திலே நீரா இடக்கரைக் கால்வாயை வெள்ளையர் ஆட்சி திறந்தது. கருமண்ணிலே கரும்பு போட்டார்கள். தண்ணீரை வெள்ளமாய்ப் பாய்ச்சினார்கள். வடிகால் வெட்ட மறந்தார்கள். கால்வாய்க்கு வரி உண்டு, வடிகாலுக்கு வரி ஏது! நிலத்தடி நீர் ஏறியது. அதோடு உப்பும் ஏறியது. விளைந்த நிலம் வெளுத்த நிலமாயிற்று.

அதே வெள்ளையர் ஆட்சி சூடானிலே, நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் இடையிலே உள்ள கெசீரா சமவெளியிலே இன்னொன்று செய்தது. 1925-ல் சென்னார் அணை. வெடிக்கும் களி நிலத்திலே 20 லட்சம் ஏக்கருக்கு மேல் வளர்ந்த பாசனத் திட்டம். அங்கே வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூச்சுத் தேவைப்படவில்லை. நனைந்த களியே கசிவை அடைத்துக்கொண்டது. மண்ணின் குணத்தை நன்றாக அறிந்து வைத்திருந்தார்கள்! ஆனால் உழைத்தவன் மனத்தை அறிந்தார்களா? பருத்தி லங்காசயர் ஆலைகளுக்குப் போயிற்று. 1946-ல் கெசீராக் குத்தகை உழவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1950-ல் வெள்ளைக் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்தது. மண் அறிவு மட்டும் இருந்தால் போதாது, அது யார் கையிலே இருக்கிறது என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

இனி நம் மாவட்டத்தின் தனித் துயரத்துக்கு வருவோம். தருமபுரி என்றதும் நினைவுக்கு வருவது புளோரைடு. பல்லிலே காவி, எலும்பிலே வளைவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகத்தான் கழக ஆட்சியிலே 2008-ல் தொடங்கப்பட்டு, 2013-ல் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. குடிக்கும் நீருக்கு வழி பிறந்தது. ஆனால் கிணற்றிலும் ஆழ்துளையிலும் எடுத்து வயலுக்குப் பாய்ச்சும் நீர்? புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரிலே பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கும். சோடியமும் பைகார்பனேட்டும் கூடியிருக்கும். அந்த நீரை ஆண்டுக்கணக்கிலே கருங்களிக்குப் பாய்ச்சினால், களித் துகளைப் பிடித்திருந்த கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்திலே சோடியம் குடியேறும். கட்டுக் குலையும், கட்டிகள் கரைந்து சேறாகி, காய்ந்ததும் ஓடு போல இறுகும். முளை வெளியே வராது. களர் நிலம் என்பது இதுதான். வந்தேறியைத் துரத்த வழி ஜிப்சம். அது கால்சியத்தைத் தரும், சோடியத்தைக் கழற்றும். கழன்ற சோடியத்தை வெளியேற்ற நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். ஜிப்சம் மட்டும் போட்டு வடிகால் வெட்டாவிட்டால், திருடனைப் பிடித்து வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த கதை! எவ்வளவு ஜிப்சம் என்பதை மண்ணையும் நீரையும் சோதித்துத்தான் சொல்ல முடியும். எனவே மண்ணை மட்டும் சோதித்தால் போதாது. பாயும் நீரையும் சோதிக்க வேண்டும்.

நிலமே இல்லாத உழைப்பாளித் தோழர் கேட்கலாம்: "எனக்கு என்ன இதிலே?" உமக்குத்தான் தோழரே, அதிகம்! மேட்டிலே, கெட்டித் தரையிலே ஊரார் வீடு கட்டினார்கள். பள்ளத்திலே, வயலோரத்திலே, ஒதுக்குப்புறத்திலே உமக்கு இடம் கொடுத்தார்கள். சாதி ஒதுக்கிய இடம் பல ஊர்களிலே தாழ்ந்த இடம். தாழ்ந்த இடத்திலே தேங்கியது களி. அதன்மேல் சுவர் எழுப்பினால், மழையிலே களி வீங்கி அடித்தளத்தைத் தூக்கும். கோடையிலே ஒடுங்கி இறக்கும். ஒரே அளவாகத் தூக்கினால் தொல்லை இல்லை. வெளிச்சுவர் ஓரம் ஓர் அளவு, வீட்டு நடுவிலே ஓர் அளவு! சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு அங்கே பிறக்கிறது. "கொத்தனார் ஏமாற்றிவிட்டான்" என்கிறார்கள். "வாசற்கால் வைத்த நேரம் சரியில்லை" என்கிறார் சோதிடர். கொத்தனாரும் பாட்டாளி, குடியிருப்பவனும் பாட்டாளி. இருவரும் மோதிக்கொள்ள, களி கீழே இருந்து வேலையைத் தொடர்கிறது!

இதற்கும் விடை கண்டிருக்கிறார்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், கருமண்ணுக்கென்றே அடியிலே குமிழ் வைத்த துளைத்தூண் அடித்தளத்தை வகுத்துத் தந்தது. ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைத் தாண்டி, சுமார் 3.5 மீட்டருக்குக் கீழே துளையிட்டு, அடியிலே துளையை அகட்டிக் கம்பியும் கான்கிரீட்டும் இட்டால், மேலே களி என்ன ஆட்டம் ஆடினாலும் வீடு அசையாது. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி இன்னொரு வழி காட்டினார்: வீங்கும் களிக்கும் கட்டுமானத்துக்கும் நடுவிலே, வீங்காத ஒட்டுமண்ணை இறுக்கிப் படுகையாகப் போடுவது. கால்வாய்க் கரைகளுக்கே அது கை கொடுத்தது. அரூர்க்காரருக்கு அத்தகைய மண் எங்கே என்று தேட வேண்டியதில்லை. மேட்டுக்குப் போனால் செம்மண் சரளை இருக்கிறது!

அறிவு இருக்கிறது, ஆனால் அரசுக் காகிதத்திலே அதற்கு இடம் இருக்கிறதா? 2024-ல் கலைஞரின் கனவு இல்லத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்றார்கள். வரவேற்றோம்; குடிசையை ஒழிப்பது கழகத்தின் நெடுநாள் கனவு. ஆனால் நம்மவர் திட்டம் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருந்தால் நாம் தொண்டர்கள் அல்ல, துதிபாடிகள். செம்மண்ணிலே கட்டும் வீட்டுக்கும் கருங்களியிலே கட்டும் வீட்டுக்கும் அடித்தளச் செலவு ஒன்றாகுமா? எந்தத் திட்டமானாலும், எந்த ஆட்சியானாலும், களி நிலத்திலே கட்டும் ஏழைக்கு அடித்தளத்துக்கென்று தனித் தொகை வேண்டும் என்று கேட்கிறோம். சுவருக்குக் கொடுத்து அடித்தளத்துக்குக் கொடுக்காவிட்டால், கொடுத்த பணமே வெடிப்பிலே போகும்.

டெல்லியையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானத்திலே பிரதமர் மோடி மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 12 அளவைகள் அந்த அட்டையிலே. தழை, மணி, சாம்பல், கந்தகம். துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம். நல்லது, வேண்டியதுதான். ஆனால் இந்த மண்ணிலே களி எத்தனை பங்கு, காய்ந்தால் எவ்வளவு ஒடுங்கும், தண்ணீர் எவ்வளவு வேகத்திலே இறங்கும்? அந்தப் பன்னிரண்டிலே இவற்றுக்கு இடம் இல்லை! மண் ஆயிரம் வாய் திறந்து கத்துகிறது. அட்டை வாய் மூடிக் கிடக்கிறது. பாலைவன மணலுக்கும் பள்ளத்துக் களிக்கும் ஒரே அச்சு, ஒரே அட்டை! எல்லோருக்கும் ஒரே மொழி, ஒரே அளவு என்று நினைக்கும் மனப்பான்மை, மண்ணைக்கூட விட்டு வைக்கவில்லையே!

வேடிக்கையைப் பாருங்கள். மண்ணின் வகை அரசுக்குத் தெரியாதா? தெரியும்! 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் சீமை கும்பினியார் கைக்குப் போனது. கேப்டன் ரீடும், அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இந்தச் சீமையிலேதான் நிலத்தை அளந்து, உழவனோடு நேரே வரி பேசும் ரயத்துவாரி முறையை உருவாக்கினார்கள். பின்னாளில் சென்னை மாகாணம் முழுதும் கரிசல் எது, செவ்வல் எது, அதிலே களி எது, மணல் எது என்று பிரித்துத் தரம் போட்டார்கள். எதற்காக? வரி வாங்க! அந்த மண் வகையும் தரமும் இன்றும் கிராமத்து அ பதிவேட்டிலே ஒரு கட்டமாக இருக்கின்றன. வரி போடப் பயன்பட்ட அந்தக் கட்டம், வீட்டுக்கு அடித்தளம் போடப் பயன்படவில்லை. வாய்க்காலுக்கு முறை வைக்கப் பயன்படவில்லை. கறப்பதற்கு மாட்டின் குணம் தெரியும், தீனி போடத் தெரியாது என்பது போல!

ஆகவே நாம் கேட்பவை இவை. ஒன்று: மண் சோதனையிலே களியின் அளவும் சுருக்கத்தின் அளவும் சேரட்டும், டெல்லி சேர்க்காவிட்டால் மாநிலம் சேர்க்கட்டும். இரண்டு: கிணற்று நீரைச் சோதிக்காமல் ஜிப்சம் அளவு சொல்லக் கூடாது. மூன்று: களி வயல்களிலே கோடை உழவு முடிந்த பிறகு மதகு திறக்கும்படி முறை வகுக்க வேண்டும், கையிலே காசில்லாத சிறு உழவருக்கு அந்த ஓர் உழவுக்கு உதவ வேண்டும். ஓர் உழவு மிச்சப்படுத்தும் தண்ணீர் கடைமடைக்குப் போகும். நான்கு: அ பதிவேட்டிலே களி என்று இருந்தால், அரசு வீட்டுக்கு அடித்தளம் அதற்கேற்பப் போட வேண்டும்.

கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? கிளைக் கழகத் தோழர்கள் செய்யக் கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்கு மரத்தாலே ஓர் அச்சுச் செய்யுங்கள். வயல் மண்ணைக் கல் நீக்கித் தண்ணீர் விட்டுக் கூழாய்ப் பிசைந்து அச்சிலே நிரப்புங்கள். உட்புறம் எண்ணெய் தடவ மறக்காதீர்கள். முதலில் நிழலிலே, பிறகு வெயிலிலே முற்றும் காயட்டும். காய்ந்த கட்டி அச்சின் நீளத்திலே ஒரு விரற்கடைக்கு மேல் குறைந்திருந்தால் அது வீங்கும் களி. இது ஆய்வுக்கூடத்துக்கு மாற்று அல்ல. ஆய்வுக்கூடத்தை நோக்கி நடக்கத் தூண்டும் முதற்படி. செலவு? ஒரு மரத் துண்டு. பயன்? வீடு கட்டப் போகும் ஏழைக்கு முன்னெச்சரிக்கை. மடையிலே மல்லுக்கு நிற்கும் இரு உழவருக்குச் சமாதானம்.

படிப்பகத்திலே பத்திரிகை படிப்பதோடு பக்கத்திலே அந்த அச்சும் இருக்கட்டும். "அம்மன் கோபம்" என்று யாராவது வந்தால், வாதாட வேண்டாம். காய்ந்த கட்டியைக் காட்டுங்கள். "கொத்தனார் குற்றம்" என்று யாராவது வந்தால், அதையே காட்டுங்கள். "நிதி இல்லை" என்று அதிகாரி யாராவது சொன்னால், அவர் மேசைமேலேயே அதை வையுங்கள்!